கரண்ட் இருக்கு, நெட் இல்லை: செட்டிநாட்டுக் கூட்டுக் கட்டடங்களில் இணையப் பழுது பார்க்கும் முறை

காரைக்குடி செக்காலைப் பக்கத்து நாலு மாடிக் குடியிருப்பு ஆகட்டும், கானாடுகாத்தானில் பங்காளிகள் ஆளுக்கு இரண்டு அறையாக வைத்துக்கொண்டிருக்கும் வளவு வீடு ஆகட்டும், இணையம் நின்றால் பழுது மூன்றே எல்லைக்குள் இருக்கும். ஒன்று வீட்டுக்குள்: ரூட்டர், அடாப்டர், வைஃபை. இரண்டாவது, மாடிப்படிக்கு அடியிலோ முகப்பிலோ மாட்டியிருக்கும் பொதுப் பெட்டி. மூன்றாவது, தெருக்கம்பம் தொடங்கிக் கம்பெனி வரை. முதலாவதற்கு வீட்டுக்காரர் பொறுப்பு, மூன்றாவதற்குக் கம்பெனி பொறுப்பு. நடுவில் இருக்கும் பெட்டிக்குத்தான் ஆளே இல்லை. தண்ணீர் மோட்டாருக்கு ஆள் வைத்திருக்கிறோம், லிஃப்ட்டுக்கு ஆண்டுதோறும் பராமரிப்புப் பணம் கட்டுகிறோம். இந்தப் பெட்டியின் சாவி யாரிடம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு மனத்தாங்கல் வருவதும் இந்தப் பெட்டியால்தான். அதனால் எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி, பழுது எந்த எல்லையில் என்பது.

## எதையும் தொடுமுன்

வீட்டுக்குள் வரும் வயரின் நுனியைப் பாருங்கள். மெல்லிய வயர், பச்சை நிறச் சதுரச் செருகி என்றால் ஃபைபர் (ஒளி போகும் கண்ணாடி இழை) நேராக உங்கள் வீடு வரை வருகிறது. டெலிபோன் செருகி மாதிரி, ஆனால் அகலமாக, எட்டுத் தங்கநிறப் பட்டைகள் தெரிகிற, ஊடே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் செருகி என்றால் ஃபைபர் கட்டடத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து செம்பு இழைகள் கொண்ட லேன் வயர். முதல் வகையில் பொதுப் பெட்டிக்குள் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டும் இருக்கும், அதற்குக் கரண்டே வேண்டாம். இரண்டாம் வகையில் ஒளியை மின்சைகையாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும், அதைப் பல வீட்டு வயருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்சும் இருக்கும், இரண்டும் கரண்டில் ஓடுபவை. இந்த வேறுபாடு தெரிந்தாலே பாதிக் கோளாறு பிடிபடும்.

ரூட்டரை அணைக்கும் முன் எரியும் விளக்குகளை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அணைத்து 30 நொடி கழித்துப் போடுங்கள், முழுதாக 3 நிமிடம் காத்திருங்கள். பின்பக்கம் ஊசித்துளை போல இருக்கும் ரீசெட்டை மட்டும் குத்தவே கூடாது. அது ரூட்டரைத் திரும்ப ஓட வைக்கும் பட்டன் இல்லை. கம்பெனி உள்ளே பதிந்து வைத்த பயனர்பெயர், கடவுச்சொல், லைனை அடையாளம் காட்டும் விலேன் எண் எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஐந்து நிமிடத்தில் தானாக வந்திருக்கக்கூடிய நெட், லைன்மேன் வரும்வரை வராது.

## எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறது

ஒளி வந்து சேரவில்லை என்பதுதான் இதன் பொருள். ரீசார்ஜுக்கும் கடவுச்சொல்லுக்கும் இதில் சம்பந்தம் இல்லை. ஒரே கம்பெனி லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் சிவப்பு என்றால் பழுது பெட்டிக்கு முன்னால், தெருவில். உங்களுக்கு மட்டும் சிவப்பு என்றால் பெட்டியில் உங்கள் செருகி முதல் ரூட்டர் வரை உள்ள பாதையில்.

வீட்டுக்குள் மூன்று இடம் பார்க்கலாம். ரூட்டரின் பின்னால் பச்சைச் செருகி கிளிக் என்று உட்கார்ந்திருக்கிறதா? பீரோவோ கட்டிலோ நகர்த்தியதில் வயர் நசுங்கியிருக்கிறதா? மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டியவர்கள் இறுக்கிக் கட்டிவிட்டார்களா? உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்த வட்டமாக ஃபைபரைச் சுருட்டக் கூடாது. வளைவில் ஒளி இழையின் பக்கவாட்டில் கசிந்துவிடும். வயர் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.

செருகியைக் கழற்றினால் நுனியைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். தலைமுடி கனம்தான் அந்தக் கண்ணாடி இழை, அதன் நடுவில் ஒளி போகும் பகுதி இன்னும் பல மடங்கு சிறியது. விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு போதும், ஒளி அடைபட. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணி, இல்லையேல் லைன்மேன் வைத்திருக்கும் பேனா வடிவத் துடைப்பான். நுனிக்குள் கண்ணால் பார்க்கவும் வேண்டாம். வருவது 1490 நானோமீட்டர் ஒளி, கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

பச்சைச் செருகியும் நீலச் செருகியும் ஒன்றோடொன்று சேராது. பச்சையின் நுனி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் சாய்வில்லாதது. வலிந்து செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் இரண்டு நுனிக்கும் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். அவசரத்துக்கு நீலச் செருகி வைத்த சிறு இணைப்பு வயர் (பேட்ச் கார்டு) போட்டுவிட்டுப் போன இடங்களில் மாதம் ஒருமுறை சிவப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

இனிப் பெட்டி. மூடியைத் திறந்தால் கீழிருந்து ஒரு கறுப்பு வயர் ஏறி வந்து தோல் உரிக்கப்பட்டு நிற்கும். அதிலிருந்து வரும் ஒற்றை இழை, பென்சில் துண்டு அளவு ஸ்ப்ளிட்டருக்குள் போய், மறுபக்கம் எட்டு வெள்ளை நூலாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு பச்சைச் செருகியில் முடியும். மூலையில் இரண்டு பல்லி முட்டை, குளவி கட்டிய மண்கூடு, வீட்டு எண் எழுதி ஒட்டிய காகிதம் வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். எட்டில் எது எந்த வீடு என்று யாருக்கும் தெரியாத நிலையில், புதுக் குடித்தனத்துக்கு லைன் கொடுக்க வரும் தம்பி, காலியாகத் தெரியும் ஒன்றைப் பிடுங்கித் தன் வயரைச் செருகுவார். அந்த "காலி" நேற்று ஊருக்குப் போன மூன்றாம் மாடி ஆச்சியுடைய லைனாக இருக்கும்.

புதுக் குடித்தனம் வந்த அதே நாளில் உங்கள் விளக்கு சிவப்பானால் இதைத்தான் முதலில் பாருங்கள். பிடுங்கவில்லை என்றால் இன்னொரு காரணம் இருக்கிறது. எட்டும் நிரம்பிய பிறகு ஒன்பதாவது வீட்டுக்காக யாரோ ஒருவருடைய இழையில் 1-க்கு 2 ஸ்ப்ளிட்டர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அது ஒளியை இரண்டாகப் பகுக்கும், சுமார் 3.5 டெசிபல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) போய்விடும். ஏற்கெனவே விளிம்பில் இருந்த வீடு அன்றே விழும்.

விளிம்பு எது என்பதற்குக் கணக்கு உண்டு. பிரௌசரில் பெரும்பாலும் 192.168.1.1 என்று அடித்தால் திறக்கும் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், ஆப்டிகல் பகுதியில் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும். வந்து சேரும் ஒளியின் அளவு அது; மைனஸ் எண் பெரிதாக ஆக ஒளி குறைவு. மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை நிம்மதி. மைனஸ் 25, 26 என்றால் மழைக்கும் வெயிலுக்கும் அறுந்து அறுந்து வரும். மைனஸ் 27-ஐத் தாண்டினால் சாதாரண ரூட்டரால் பிடிக்க முடியாது. நெட் நன்றாக ஓடும் நாளிலேயே இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மைனஸ் 20-ல் இருந்தது இன்று மைனஸ் 26 என்று சொல்கிறவரிடம் லைன்மேன் ரூட்டரை மாற்றச் சொல்லிப் போக மாட்டார்; செருகியையும் ஜாயிண்ட்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

ஜாயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு முனையில் கையால் நுழைத்து இறுக்கும் ஃபாஸ்ட் கனெக்டர் போட ஐந்து நிமிடம் ஆகாது, அதனால் அதையே போடுவார்கள். சித்திரை வெயிலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, நாளடைவில் இழை உள்ளே நகர்ந்துவிடக்கூடும். மெஷின் வைத்து உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸ் கேட்டு வாங்குங்கள். இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு, ஆண்டுக்கணக்கில் அசையாது.

## எல்.ஓ.எஸ். அணைந்திருக்கிறது, பான் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது

பான் என்பது கம்பெனி மெஷினோடு சேர்ந்ததைக் காட்டும் விளக்கு. ஒளி வருகிறது, கம்பெனி மெஷின் உங்கள் ரூட்டரை ஏற்கவில்லை. ரூட்டரை மாற்றியிருந்தால் அதன் சீரியல் எண்ணைக் கம்பெனியில் பதிய வேண்டும். மாற்றாமல் இப்படி என்றால் அவர்கள் பக்கம் பதிவு அழிந்திருக்கும், ஃபோனிலேயே சரிசெய்யலாம்.

கட்டடத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பான் சிமிட்டினால் காரணம் வேறு. ஒரு ஸ்ப்ளிட்டரில் இருக்கும் வீடுகள் தங்கள் முறை வரும்போது மட்டுமே ஒளியை அனுப்ப வேண்டும். பழுதான ரூட்டர் ஒன்று நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருந்தால் மற்ற எவரும் பேச முடியாது. பெட்டியில் பச்சைச் செருகிகளை ஒவ்வொன்றாக, இரண்டு நிமிட இடைவெளியில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கழற்றியதும் மற்ற வீடுகள் உயிர்பெறுகின்றனவோ அந்த வீட்டு ரூட்டரை மாற்றினால் போதும்.

## கரண்ட் போனதும் நெட் போகிறது, இன்வெர்ட்டர் ஓடியும் பயனில்லை

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈபி காலையில் நிறுத்தி மாலையில் தரும் நாள்களில் கேட்கும் முதல் புலம்பல் இது. விளக்கைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம்.

ரூட்டரே அணைந்து எரிந்தால், இன்வெர்ட்டர் மாறும் கணப்பொழுதைத் தாங்கவில்லை. இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். போதாவிட்டால் ரூட்டருக்குத் தனி மினி யூபிஎஸ்.

ரூட்டர் அணையவில்லை, ஆனால் கரண்ட் போன சில நொடியில் எல்.ஓ.எஸ். சிவப்பாகி, கரண்ட் வந்ததும் தானே அணைகிறது என்றால் கம்பெனியின் தெரு மெஷினுக்கு பேட்டரி இல்லை, அல்லது செத்துவிட்டது. உங்கள் கட்டடத்தில் எதை வாங்கிப் போட்டாலும் தீராது. நேரத்தைக் குறித்துப் புகார் கொடுக்க வேண்டியதுதான்.

லேன் வயர் வகைக் கட்டடத்தில், உங்கள் ரூட்டர் விழித்திருந்து அதன் வேன் (WAN, வெளியிலிருந்து வரும் லைன்) விளக்கு மட்டும் அணைந்தால், மாடிப்படிப் பெட்டியில் இருக்கும் ஸ்விட்ச் கரண்டில்லாமல் கிடக்கிறது. ஜெனரேட்டர் இருக்கும் குடியிருப்புகளில்கூட அது லிஃப்ட்டுக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் மட்டும் போகும். பெட்டியின் பிளக் வேறு சர்க்யூட்டில் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்கை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். அரை நாள் வேலை, எட்டு வீட்டுக்கும் நிரந்தரத் தீர்வு. மின்கட்டணம் பொது மீட்டரில் ஏறுமே என்று தயங்குகிறவர்களுக்கு: ஸ்விட்சும் கன்வெர்ட்டரும் சேர்ந்து 10 வாட் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 7 யூனிட்தான்.

மினி யூபிஎஸ் வாங்கும்போது அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர். வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். பெட்டியில் அச்சடித்த "4 மணி நேரம்" என்பதை நம்பாமல் கணக்குப் போடுங்கள். 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி செல் மூன்று என்றால் 22 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவது போக 18 அல்லது 19 மிஞ்சும். ரூட்டர் 7 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம். லேன் வகைக் கட்டடத்தில் உங்கள் வீட்டுக்கு ஒன்று வாங்குவது வீண். பெட்டிக்கும் ஒன்று இருந்தால்தான் இரண்டும் பயன்படும். ஸ்விட்சுக்கு 5 அல்லது 9 வோல்ட் அடாப்டர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும்.

கரண்ட் இருக்கும்போதே ரூட்டர் நாளுக்கு நாலு முறை தானே அணைந்து எரிந்தால் அடாப்டர் முடியும் கட்டம். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்ட வேண்டியது ரூட்டர் ஓடும்போது 11.4-க்கும் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள்.

## விளக்கெல்லாம் பச்சை, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை

முதலில் ரீசார்ஜ் தேதி. வெட்கப்பட ஒன்றுமில்லை, கம்பெனி உதவி எண்ணும் இதைத்தான் முதலில் பார்க்கும்.

தேதி இருந்தால், கம்ப்யூட்டரின் கமாண்ட் திரையில் பிங் 8.8.8.8 கொடுங்கள்; அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை இது. பதில் வருகிறது, ஆனால் பெயர் கொடுத்தால் தளம் திறக்கவில்லை என்றால், தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் போட்டால் தீரும். பிங் வரவில்லை என்றால் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் நிலையைப் பாருங்கள். பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகையில் 691 என்று பிழை எண் வந்தால் அவை தவறு, அல்லது பழைய இணைப்பு கம்பெனி மெஷினில் இன்னும் மூடப்படாமல் கிடக்கிறது. 15 நிமிடம் ரூட்டரை அணைத்து வையுங்கள். வராவிட்டால் "செஷன் கிளியர் பண்ணுங்க" என்று கேளுங்கள். ரூட்டரை மாற்றியபின் இது வந்தால், பழைய ரூட்டரின் அடையாள எண்ணான மேக்-ஐ விடுவிக்க "மேக் ரிலீஸ் பண்ணுங்க" என்று கேட்க வேண்டும். சில தளம் மட்டும் பாதியில் நின்றால் ஒரு முறை அனுப்பும் தரவுத் துண்டின் அளவான எம்டியூ-வை 1492 ஆக்குங்கள்; பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 பொருந்தாது.

பயனர்பெயர் எதுவும் கேட்காமல் வயரைச் செருகினாலே நெட் வருகிற லேன் வகைக் கட்டடங்களிலும், ஒரே இணைப்பைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளும் வீடுகளிலும் இன்னொரு கோளாறு உண்டு. ஒரு ஃபோனில் வரும், பக்கத்து ஃபோனில் வராது. காலையில் வரும், மத்தியானம் வராது. லைன்மேன் வந்து பார்க்கும்போது சரியாக ஓடும். காரணம் வேறொரு வீட்டு ரூட்டர். பொது வயரை வேன் துளையில் (பல ரூட்டரில் நீல நிறம்) செருக வேண்டும். யாரோ நிறம் பார்க்காமல் லேன் துளையில் செருகியிருப்பார்கள். அந்த ரூட்டர் தன் வீட்டுச் சாதனங்களுக்கு ஐபி முகவரி (நெட்டில் ஒவ்வொன்றுக்கும் உரிய எண்) கொடுப்பதோடு நிற்காமல் கட்டடத்துக்கே கொடுக்கத் தொடங்கும். அதனிடம் முகவரி வாங்கியவர்களுக்கு நெட் வராது, கம்பெனியிடம் வாங்கியவர்களுக்கு வரும்.

கண்டுபிடிப்பது எளிது. உங்கள் வேன் முகவரி வழக்கமாக 10 அல்லது 100 என்று தொடங்கியது, இன்று 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கினால் வேறு ரூட்டரின் வேலை. கேட்வே என்று காட்டும் முகவரியை பிரௌசரில் அடித்தால் அந்த ரூட்டரின் மாடல் பெயரோடு முகப்பே திறக்கும். எந்த வீட்டில் அந்த மாடல் என்று கேட்டால் போதும். தெரியாவிட்டால் ஸ்விட்சில் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். கண்டபின் சண்டை வேண்டாம். "அண்ணே, இந்த வயரை நீலத் துளைக்கு மாத்திட்டா எல்லாருக்கும் சரியாயிரும்" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

## கட்டடம் முழுக்க ஒரே நொடியில் முடங்கியது, ஸ்விட்ச் விளக்கெல்லாம் வெறிபிடித்துச் சிமிட்டுகிறது

வயரின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவர்களோ துப்புரவு செய்தவர்களோ தொங்கும் வயரைப் பார்த்து, கழன்றுவிட்டது போலும் என்று நல்லெண்ணத்தில் காலித் துளையில் செருகிவிடுவார்கள். ஒரே செய்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லோரையும் அடைத்துவிடும். அணைத்துப் போட்டால் ஒரு நிமிடம் நன்றாக ஓடுவது போலத் தெரிந்து மறுபடி முடங்கும். ஒவ்வொரு வயராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் சிமிட்டல் நிதானமாகிறதோ அதுதான். காலித் துளைகளை டேப் ஒட்டி மூடுவதும், தேவையற்ற வயரை வெட்டி எடுப்பதும் அன்றே செய்ய வேண்டியவை.

## சாயங்காலம் மட்டும் மந்தம்

இங்கே இரவு எட்டு மணி என்றால் சிங்கப்பூரில் பத்தரை. பிள்ளைகள் அங்கே வேலை முடித்துச் சாப்பிட்டு வீடியோ காலில் வருகிற நேரம்; அதே நேரத்தில்தான் கட்டடம் முழுக்க டிவியும் ஓடுகிறது. பழுதா நெரிசலா என்று தெரிய, வைஃபையை விட்டுவிட்டு லேப்டாப்பை வயரில் இணைத்து காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் வேகம் பாருங்கள், மூன்று நாள் குறித்து வையுங்கள்.

இரண்டு நேரமும் வயரில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் மந்தம் என்றால் அலைவரிசை நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். பன்னிரண்டு வீட்டு ரூட்டரும் அந்த மூன்றையே பங்கிட வேண்டும். ரூட்டரில் சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 20-க்கு மாற்றுங்கள். உங்களுக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்கும் நல்லது. டிவி, லேப்டாப், வீடியோ கால் ஃபோன் எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய், சேனல் 36 முதல் 48-க்குள் ஒன்றோ, 149 முதல் 161-க்குள் ஒன்றோ வையுங்கள்.

வயரிலேயே இரவில் மட்டும் விழுந்தால் நெரிசல் வெளியே. லேன் வகைக் கட்டடத்தில் பெட்டியின் மீடியா கன்வெர்ட்டர் 100 எம்பிபிஎஸ் வகையா என்று பாருங்கள். எட்டு வீடும் ஆளுக்கு 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டி, எல்லோரும் சேர்ந்து ஒரே 100-ஐப் பங்கிட்டுக்கொண்டிருப்பீர்கள். கிகாபிட் கன்வெர்ட்டரும் கிகாபிட் ஸ்விட்சும் கேட்பது உங்கள் உரிமை. ஃபைபர் வகையில், ஒரே லைனைப் பல வீடுகள் பங்கிடும் ஜிபான் முறையில் கம்பெனி மெஷினின் ஒரு போர்ட்டின் இறக்கு வேகம் 2.488 ஜிபிபிஎஸ், 64 வீடு ஒரே நேரத்தில் இழுத்தால் வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால்தான் ஓடுகிறது.

## வேகம் 94-ஐத் தாண்ட மறுக்கிறது

200 எம்பிபிஎஸ் திட்டம், எத்தனை முறை பார்த்தாலும் 93, 94. பெரும்பாலும் இது லேன் வயரில் இருக்கும் எட்டு இழையில் ஒன்று அறுந்த அடையாளம். நான்கு இழை இருந்தாலே 100 எம்பிபிஎஸ் இணைப்பு கிடைத்துவிடும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இரு முனையிலும் செருகியை வெட்டிப் புதிதாக அடியுங்கள். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கிளிப்பைக் கீழே வைத்துப் பார்க்கையில் இடமிருந்து வலம். அடித்தும் தீராவிட்டால் நடுவில் டேப் சுற்றிய ஜாயிண்ட் இருக்கும். மலிவு வயரில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். வளைத்த இடத்தில் ஒடியும். சுத்தச் செம்பு கேட்5இ அல்லது கேட்6 வாங்குங்கள். ஈபி வயர் போகும் அதே பைப்புக்குள் விடாதீர்கள்.

## முகப்பில் வருகிறது, உள்கட்டில் வரவில்லை

பழைய வளவு வீடுகளுக்கே உரிய தொல்லை. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. நடுவில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று அடுக்கடுக்காகக் கனத்த செங்கல் சுவர்கள், பர்மா தேக்குக் கதவுகள், இரும்புக் கம்பி ஜன்னல்கள். சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி மாட்டியிருந்தால் அதன் பின்பக்கப் பூச்சு அலையைத் திருப்பி அடிக்கும். எத்தனை ஆன்டெனா வைத்த ரூட்டரானாலும் இத்தனையைத் துளைத்துப் போகாது.

சுவரோடு மல்லுக்கட்டாமல் வானவெளியைப் பயன்படுத்துங்கள். வளவின் திறந்த முற்றத்தில் அலை தடையில்லாமல் போகும். ரூட்டரை முகப்பு அலமாரிக்குள் ஒளிக்காமல், தாழ்வாரத்தில் முற்றத்தைப் பார்த்தபடி, ஏழடி உயரத்தில், மழைச்சாரல் படாத இடத்தில் வைத்தாலே சுற்றியுள்ள அறைகளின் வாசல்வரை எட்டும். இரண்டாம் கட்டுக்கு ஒரு லேன் வயர் இழுத்து அங்கே இன்னொரு ரூட்டர் வைப்பதுதான் சரியான வழி. ஒன்றுக்கொன்று வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் வயரில்லா மெஷ் பெட்டிகள் இந்தச் சுவர்களுக்கு நடுவே பாதி வேகத்தை வழியிலேயே இழந்துவிடும்.

அந்த இரண்டாவது ரூட்டரை இப்படி அமையுங்கள்: லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், முகவரி வழங்கும் வசதியான டிஎச்சிபி-யை அணையுங்கள், அதன் பிறகு முதல் ரூட்டரிலிருந்து வரும் வயரை லேன் துளையில் செருகுங்கள். டிஎச்சிபி-யை அணைக்காமல் செருகினால் மேலே சொன்ன முகவரிக் குழப்பம் உங்கள் வீட்டிலேயே தொடங்கும்.

வயர் இழுக்க வருகிறவர் டிரில் எடுப்பார். விடாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லில் விரிசல் விழுந்தால் அதே பூ, அதே நிறத்தில் மாற்றுக் கல் கிடைப்பது அரிது. கண்ணாடி போல மழமழவென்று இழைத்த சுண்ணாம்புப் பூச்சு ஆணி அடித்த இடத்தில் பொளக்கென்று பெயரும். அதைப் பழையபடி பூசும் கொத்தனார்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவே. கதவு நிலைக்கு மேலே இருக்கும் காற்றுத் துளை வழியாகவோ, உத்தரத்தின் மேலே ஓட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளி வழியாகவோ வயரை விடலாம். வயர் நாற்பது, ஐம்பது மீட்டர் ஆனாலும் பரவாயில்லை, 100 மீட்டர் வரை வேகம் குறையாது. எலி ஓடும் பாதையென்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் பிவிசி குழாய் போடுங்கள்.

## இடி மழைக்குப் பிறகு, திருவிழாவுக்குப் பிறகு

கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. ஆனால் அதைத் தாங்கி வரும் எஃகுக் கம்பியில் பாயும். கம்பியை வெளிச்சுவரிலேயே வெட்டிக் கட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். மொட்டைமாடி வழியே வரும் லேன் வயர் அதைவிட ஆபத்து. கோடை இடி கேட்டதும் அடாப்டரோடு அந்த வயரையும் கழற்றி வையுங்கள். இடிக்குப் பின் நெட் இல்லாமல் அந்தத் துளையின் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் துளை கருகியிருக்கிறது, வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நெட் போய் வெயில் வந்ததும் திரும்பினால் பெட்டிக்குள்ளோ கம்பத்து ஜாயிண்ட்டிலோ தண்ணீர். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் அரை அடி கீழே தொங்கி மேலேறும்படி விட்டால் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். நுழைதுளை பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும், மேலே அல்ல. தேரோடும் வீதியில் குறுக்கே போகும் வயரை விழாவுக்கு இறக்கிவிட்டுத் திரும்பக் கட்டுகையில் இறுக்கிவிடுவார்கள். மறுநாள் ஆர்எக்ஸ் பவர் இரண்டு, மூன்று டெசிபல் குறைந்திருந்தால் காரணம் அதுதான்.

## வெளிநாட்டிலிருந்து வீட்டுக் கேமரா தெரியவில்லை

வேன் முகவரி 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால் ஒரு பொது முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து கேமராவுக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டு எத்தனை முறை செய்தாலும் வேலை செய்யாது. கேமரா கம்பெனியின் கிளவுட் செயலியைப் பயன்படுத்துங்கள், இல்லையேல் கட்டணம் கட்டி மாறாத தனி முகவரி (ஸ்டாட்டிக் ஐபி) வாங்குங்கள்.

## புகார் கொடுக்கும்போது

"நெட் வரல" என்றால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். "தம்பி, எல்.ஓ.எஸ். சிவப்பு, காலை ஒன்பது பத்துக்குப் போச்சு, கட்டடத்துல உங்க லைன் நாலு வீட்லயும் இல்ல, நேத்து ஆர்எக்ஸ் மைனஸ் 21" என்றால் ஃபோனை எடுத்தவர் நேராக லைன் ஆளை அனுப்புவார். புகார் எண்ணை வாங்காமல் வைக்காதீர்கள். நாலு வீடும் தனித்தனியாகப் பதியுங்கள். ஒரே கட்டடத்தில் நாலு எண் விழுந்தால் அது வீட்டுப் பழுதாக இல்லாமல் லைன் பழுதாகப் போகும். தீர்க்காமல் மூடிவிட்டால் அந்த எண்ணைக் காட்டி 30 நாளுக்குள் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அவர்கள் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்ட ஒரு தாள் தயார் செய்யுங்கள். வீட்டு எண், கம்பெனி, ஸ்ப்ளிட்டரிலோ ஸ்விட்சிலோ எத்தனையாவது துளை, நன்றாக ஓடிய நாளின் ஆர்எக்ஸ் எண், சாவி யாரிடம். மார்க்கரில் எழுதி, மேலே செல்லோ டேப் முழுதாக ஒட்டுங்கள், ஈரம் படாது. ஒவ்வொரு வயரின் நுனியிலும் அதே வீட்டு எண்ணை டேப்பில் கட்டுங்கள். சாவி இரண்டு: ஒன்று வாட்ச்மேனிடம், இன்னொன்று எப்போதும் வீட்டில் இருக்கும் ஆச்சி ஒருவரிடம். எந்தக் கம்பெனி ஆள் வந்தாலும் கட்டடத்து ஆள் ஒருவர் உடன் நின்று, எதைக் கழற்றினார் என்று தேதி போட்டு அந்தத் தாளிலேயே குறித்த பிறகுதான் பெட்டியைப் பூட்ட வேண்டும்.